சிவப்பு விளக்கு மினுக்கினால்

சென்ற ஜூனில் ஜெய்ப்பூரிலிருந்து தில்லி திரும்புகையில், சிக்னலில் நின்ற காரின் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கியது. உடனே எஞ்சினை அணைத்தேன். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓட்டினால் பேரிங்குகள் சில நிமிடங்களில் போய்விடும். (வெயிலில் வீட்டாரின் முணுமுணுப்பு வேறு!) டிப்ஸ்டிக்கில் அளவு சரியாகவே இருந்தது.

வந்த மெக்கானிக், "கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்றலாம், சாப்" என்றார். என் காரின் கையேட்டில் இருப்பதோ 5டபிள்யூ-30. முன் எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மை. பின் எண் 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை. கெட்டி ஆயில் விளக்கை அணைக்கலாம், தேய்மானத்தைச் சரிசெய்யாது. தில்லியின் ஜனவரிக் காலையில் எஞ்சினுக்குள் மேலேறவும் தாமதிக்கும்.

சென்சாரைக் கழற்றி, அங்கே பிரஷர் கேஜ் மாட்டச் சொன்னேன். சூடான எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது முள் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டில் நின்றது. விளக்கு எரிய வேண்டியது சுமார் 5 பவுண்டில்தான். பழுது சென்சாரில்! முள்ளும் இறங்கியிருந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டியிருந்திருக்கும்.