கடைசி முப்பது அடி

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற ஒருவர் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் கழிகிறது. ஒற்றை இன்ஜின், நான்கு இருக்கை, ஒரு டன்னைச் சற்றே தாண்டிய எடை. உரிமத்தோடு விமான நிறுவனத்தில் சேர்ந்தால் அடுத்து உட்காரும் இடம் பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320. பயணிகளோடு அது இறங்கும்போது எடை 60 டன்னை ஒட்டி இருக்கும். செஸ்னா ஏறத்தாழ 65 நாட் வேகத்தில் ஓடுபாதையை நெருங்கும். ஏ320-க்கு அந்த வேகம் ஏறத்தாழ 135 நாட், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர். இந்த இடைவெளியைக் கடக்க வைக்கும் பயிற்சிக்குத்தான் டைப் ரேட்டிங் என்று பெயர்.

அதன் பெரும்பகுதி சிமுலேட்டரில் நடக்கிறது. இன்ஜினில் தீ, ஹைட்ராலிக் கோளாறு, புறப்படும் நேரத்தில் ஒரு இன்ஜின் நின்றுபோவது என, வானில் வேண்டுமென்றே உண்டாக்கக் கூடாத ஆபத்துகள் எல்லாவற்றையும் அங்கே பழகலாம். ஆனாலும் தரையை நெருங்கும் கணத்தில் கண்ணுக்கும் உடம்புக்கும் கிடைக்கும் உணர்வை எந்தத் திரையும் முழுதாகத் தந்துவிடாது. அதனால்தான் முதன்முறையாகப் பெரிய ஜெட்டுக்கு வருபவர்களைப் பயணிகள் இல்லாத உண்மையான விமானத்தில் ஏற்றி, வழக்கமாக ஆறு முறை இறக்கிப் பார்க்கிறார்கள்.

இதற்கு சர்க்யூட் பயிற்சி என்று பெயர். இடப்பக்கம் பயிற்சியாளரான கேப்டன், வலப்பக்கம் புதியவர். விமானம் எழும்பி ஏறத்தாழ 1,500 அடி உயரத்தில் திரும்பி, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, சக்கரங்களையும் இறக்கையின் ஃபிளாப்களையும் இறக்கி, மறுபடி ஓடுபாதைக்கு நேராக வரும். சக்கரம் தரை தொட்டதும் நிற்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் ஃபிளாப்பைப் புறப்பாட்டுக்கு ஏற்ப மாற்றுகிறார், விசை கூட்டப்படுகிறது, விமானம் மறுபடி எழும்புகிறது. பயணிகள் இல்லாத விமானம் எடை குறைந்து துடிப்பாக இருக்கும். யோசித்துக்கொண்டிருக்க அவகாசம் கிடைக்காது.

நல்ல தரையிறக்கம் ஓடுபாதைக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. விமானம் மூன்று டிகிரி சரிவில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 அடி வீதம் இறங்க வேண்டும். ஓடுபாதையின் ஓரத்தில் இருக்கும் நான்கு பாபி விளக்குகளில் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் சரிவு சரி. வெள்ளை கூடினால் விமானம் உயரத்தில் இருக்கிறது; சிவப்பு கூடினால் தாழ்ந்துவிட்டது. வேகமும் சரிவும் 1,000 அடிக்குள் ஒரு நிலைக்கு வந்துவிட வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி.

பிறகு வருவது அந்தக் கடைசிச் சில நொடிகள். விமானமே குரல் கொடுத்து உயரத்தைச் சொல்லிக்கொண்டு வரும்: ஐம்பது, நாற்பது, முப்பது. முப்பது அடி அளவில் விமானி பக்கவாட்டில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கோலான சைடுஸ்டிக்கை மெல்ல இழுத்து மூக்கைச் சற்று உயர்த்துகிறார். இதுதான் ஃபிளேர். ஏ320-இன் கணினி 50 அடியில் விமானத்தின் சாய்வைப் பதிந்துகொண்டு, 30 அடிக்குக் கீழே மூக்கைத் தானாகவே மெல்லத் தாழ்த்தத் தொடங்கும். அதனால், சிறு விமானத்தில் பழகிய கை இங்கேயும் இயல்பாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். இருபது அடியில் ‘ரிடார்ட்’ என்ற குரல் விசையைக் குறைக்கச் சொல்லி நினைவூட்டும்.

புதியவர் தடுமாறுவது பெரும்பாலும் பார்வையில்தான். மூக்குக்கு முன்னால் விரையும் தரையைப் பார்த்தால் உயரம் பிடிபடாது. கண்ணை ஓடுபாதையின் மறுகோடிக்குக் கொண்டுபோக வேண்டும். ஃபிளேர் தாமதித்தால் சக்கரங்கள் ஓங்கி அடிக்கும். முந்தினால் விமானம் மிதந்துகொண்டே போய், நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் ஓடுபாதையை வீணாக்கும். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் வால் தரையில் உரசும் அபாயமும் உண்டு. பக்கக்காற்று வீசினால் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பியபடியே வந்து, தொடுவதற்குச் சற்று முன் வாலிலுள்ள ரடரால் ஓடுபாதைக்கு நேராக்க வேண்டும்.

மெத்தென்று இறங்குவதே திறமை என்று பயணிகள் நினைப்பதுண்டு. ஈரமான ஓடுபாதையில் அது தவறான ஆசை. சக்கரங்கள் உறுதியாகப் பதிந்தால்தான் பிரேக் பிடிக்கும். சரியான இடத்தில், சரியான வேகத்தில், ஓடுபாதையின் நடுக்கோட்டில் தொடுவதே இலக்கு. அது கைகூடாது என்று தெரிந்த கணமே விசையை முழுதாக ஏற்றி மேலெழும்பிவிட வேண்டும். இந்த கோ-அரவுண்டைத் தயங்காமல் செய்யப் பழகுவது, இறக்கப் பழகுவதைவிட முக்கியம். அதைத் தோல்வியாகக் கருதும் மனப்பான்மைதான் ஆபத்து.

சர்க்யூட் முடிந்ததும் பயணிகளோடு பறக்கும் லைன் பயிற்சி. பக்கத்தில் பயிற்சிக் கேப்டன் இருப்பார். தொடக்கப் பயணங்களில், அவசரத்துக்குக் கைகொடுக்க இன்னொரு விமானி விமானி அறையின் பின்னிருக்கையில் இருப்பார். சோதனையில் தேறிய பிறகே புதியவர் துணை விமானியாகிறார். அப்போதும் இந்தியாவில் எல்லாக் கேப்டன்களும் அவரிடம் தரையிறக்கத்தை ஒப்படைத்துவிட முடியாது. அதற்கென அனுமதி பெற்ற கேப்டன்களோடு பறக்கும்போதுதான் அவர் இறக்கலாம். பருவமழைக் காலத்தில் வானிலை மோசமாக இருந்தால் கேப்டனே இறக்க வேண்டும்.