தெளிந்த தண்ணீரில் ஒரு வில்லி!

“எங்க வீட்டுப் பக்கம் சாக்கடையே கிடையாது. குழந்தைக்கு மலேரியா எப்படிங்க வரும்?” என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சகோதரிகளே, விஷயமே அங்கேதான் இருக்கிறது!

சாக்கடைத் தண்ணீரில் பெருகுவது க்யூலெக்ஸ் கொசு. அது பரப்புவது யானைக்கால் நோய். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இருக்கிறாளே, அவள் சுத்தக்காரி! நகரத்தில் கிணறு, மாடித் தொட்டி என்று நல்ல தண்ணீராகப் பார்த்து முட்டையிடுவாள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதுக் கதை இல்லை. கொசுக்களை ஆராய்வதற்கென்றே 1975-ல் நம்ம ஊரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. மருந்து தெளிப்பதை மட்டும் அவர்கள் நம்பவில்லை. நகரத்துக் கிணறுகளில் கொசுப் புழுவைத் தின்னும் மீன்களை விட்டுப் பார்த்தார்கள். கடலோர கிராமங்களில் உப்பங்கழிப் பாசிக்கு நடுவே கொசு பெருகியது. ஊர் மக்களே இறங்கிப் பாசியை வாரினார்கள். அந்தப் பாசியிலிருந்து காகிதம்கூட செய்தார்கள்!

சரி, குறைந்துவிட்டதே என்று அசந்தால்? இலங்கையில் 1963-ல் மலேரியா கண்டவர்கள் வெறும் 17 பேர். கண்காணிப்பு தளர்ந்ததும், சில ஆண்டுகளிலேயே லட்சக்கணக்கானோர் படுத்தார்கள். நம் நாட்டிலும் 1965-ல் சுமார் 1 லட்சமாக இருந்தது, 1976-ல் 64 லட்சமாயிற்று. இலங்கை விடாமல் பாடுபட்டு, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றது. அசந்தால் வரும், விடாமல் பார்த்துக்கொண்டால் போகும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், “நாளைக்குப் பார்க்கலாம்” என்று இருக்காதீர்கள். அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான். நம் பக்கம் அதிகம் காணும் வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் 3 நாள் குளோரோகுயின் மாத்திரையோடு, 14 நாள் பிரைமாகுயினும் தருகிறார்கள். காய்ச்சல் விட்டதென்று பாதியில் நிறுத்தினால், மாதங்கள் கழித்து மறுபடி வரும். பிரைமாகுயின் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆகாது. எனவே கடையில் கேட்டு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மூளையைத் தாக்கும் ஃபால்சிபாரம் வகைக்கு மருந்தே வேறு. டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் நம்மால் முடிந்தவை:

* மாடித் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். சின்ன இடுக்கு போதும், கொசு நுழைந்துவிடும்.

* புழங்காத கிணற்றை வலையால் மூடுங்கள். அல்லது மீன் விடுங்கள்.

* அனாபிலிஸ் கடிப்பது பெரும்பாலும் இரவில். குழந்தையையும் பிள்ளைத்தாய்ச்சியையும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள்.

* முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறோமே, அன்றைக்கே தொட்டி, அண்டா, குடங்களையும் கவிழ்த்துத் தேய்த்துக் காய வைத்தால் புழு கொசுவாகவே ஆகாது.

இந்த வெள்ளிக்கிழமையே மாடிப்படி ஏறித் தொட்டியைத் திறந்து பாருங்களேன்!