டிப்ஸ்டிக் பொய் சொல்லுமா?

பழைய ஆட்டோமேட்டிக் காரில் காலையில் ஓர் அளவு, மாலையில் வேறோர் அளவு. "ஆயில் குறையுது, அரை லிட்டர் ஊத்துப்பா!" என்ற குரலை நான் பல பட்டறைகளில் கேட்டிருக்கிறேன். நண்பர்களே, ஊற்றுமுன் எப்படிப் பார்த்தோம் என்று யோசியுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் சூட்டில் விரியும். எஞ்சின் நின்றால் கன்வெர்ட்டர் ஆயில் மெல்லக் கீழே இறங்கி, மட்டம் உயர்ந்து தெரியும். எனவே வண்டிக்கு வண்டி முறை வேறு. பழைய டொயோட்டாவில் லீவரை 'பி'யில் வைத்து, எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது பார்க்கணும். ஹோண்டாவில் எஞ்சினை நிறுத்திய 60 முதல் 90 விநாடிக்குள். பழைய கிரைஸ்லரில் நியூட்ரலில், எஞ்சின் ஓட.

குழாயில் ஒட்டிய ஆயிலும் குச்சியை நனைத்து ஏமாற்றும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியர்பாக்ஸ் சூடானபின், துடைத்துத் துடைத்து மூன்று முறை பாருங்கள். இரு பக்கமும் வேறுபட்டால் குறைந்ததே கணக்கு.

அதிகம் ஊற்றினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது; கிளட்ச் வழுக்கிக் கருகும். கியர்பாக்ஸ் இறக்கும் செலவு வண்டிக்காரர் தலையில்தான்!

சரியாகப் பார்த்தும் குறைவா? இந்த ஆயில் எஞ்சின் ஆயில் போல எரிந்து தீர்வது அபூர்வம். முதலில் கசிவைத் தேடுங்கள். பிறகு கேனைத் திறங்கள்.