ஐரோப்பா டூர் போறீங்களா? டூர் கம்பெனி பிடிக்கிற டிசிஎஸ் உங்க பணம், திரும்ப வாங்குங்க



போச்சம்பள்ளி சிப்காட், பர்கூர், ஓசூர்னு நம்ம பக்கம் வேலை பார்க்கிற பலர் ஐரோப்பா டூர் பற்றிக் கேட்கிறீங்க. போறது கஷ்டமில்லை. பெங்களூரு ஏர்போர்ட்ல இருந்து ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாமுக்கு நேரடி விமானமே இருக்கு. ஆனா மாசச் சம்பளக்காரங்க பணம் அதிகமா கரையறது அங்கே போய் இல்லை, கிளம்பறதுக்கு முன்னாடியும் திரும்பி வந்த பிறகும்தான். அதைத் தடுக்கிறது எப்படின்னு பார்ப்போம்.

எந்த ஊர்?

முதல் தடவைன்னா என் சிபாரிசு வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட். பாரிஸ், சூரிக்கை விட செலவு குறைவு. வியன்னாவுல இருந்து பிராட்டிஸ்லாவா ரயில்ல சுமார் 1 மணி நேரம், புடாபெஸ்ட் 3 மணி நேரத்துக்குள்ள. ஒன்னு கவனிங்க: ஆஸ்திரியா, ஸ்லோவாகியாவுல யூரோ செல்லும். ஹங்கேரியில ஃபோரின்ட். யூரோ மட்டும் ஏத்தின ஃபாரெக்ஸ் கார்டை அங்கே தேய்ச்சா, பல கார்டுகள்ல இன்னொரு மாற்றுக் கட்டணம் விழும்.

விசா

ஒரே ஷெங்கன் விசாவுல 29 நாடுகள் போகலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதுல வராது. அதிக நாள் தங்குற நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கணும். வியன்னாவுல 4 இரவு, புடாபெஸ்ட்ல 3 இரவுன்னா ஆஸ்திரியா. நடுவுல ஃபிராங்க்ஃபர்ட்ல விமானம் மாறினாலும் ஆஸ்திரியாதான்.

2024 ஜூன் முதல் பெரியவங்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 1 யூரோ 100 ரூபாய்னு வெச்சா 9,000 ரூபாய். விண்ணப்ப மையத்தோட சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தா இது திரும்ப வராது. அதனால கேன்சல் பண்ண முடியாத டிக்கெட்டை விசா கைக்கு வரும் முன்னாடி வாங்காதீங்க.

குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்குக் கவர் தர்ற பயணக் காப்பீடு கட்டாயம். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் பார்ப்பாங்க. விண்ணப்பிக்கிறதுக்கு முந்தின வாரம் சித்தப்பாகிட்ட 2 லட்சம் வாங்கிப் போட்டா சந்தேகம்தான் வரும். மாசாமாசம் சம்பளம் வந்து, மிச்சம் நிக்கிற கணக்குதான் பலம். கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க, பே ஸ்லிப்ல எந்த நிறுவனத்தோட பேர் இருக்கோ அவங்ககிட்டயே லீவ் லெட்டர் வாங்குங்க. பேர் மாறினா கேள்வி வரும்.

அந்த டிசிஎஸ்

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா டூர் கம்பெனி டிசிஎஸ் பிடிக்கணும். 2025-26 நிதியாண்டுல அது 10 லட்சம் வரை 5%, அதுக்கு மேல 20%னு இருந்தது. அந்தக் கணக்குல 2,50,000 ரூபாய் பேக்கேஜுக்கு 12,500 ரூபாய் ஆச்சு. பில்லுல ஜிஎஸ்டியும் இருக்கும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஜிஎஸ்டி போனது போனதுதான். டிசிஎஸ் உங்க பேர்ல கட்டின முன்வரி. (விகிதம் பட்ஜெட்டுல மாறும், புக் பண்ணும்போது அந்த வருஷத்துக்கானதைப் பாருங்க.)

விமான டிக்கெட்டை மட்டும் தனியா வாங்கினா அது பேக்கேஜ் ஆகாது, டிசிஎஸ் இல்லை. டிக்கெட், ஹோட்டல் மாதிரி ரெண்டு சேவை சேர்ந்து வந்தாத்தான் பேக்கேஜ்.

இந்தப் பணத்தைத் திரும்ப வாங்க ரெண்டு வழி:

1. சம்பளத்துல டிடிஎஸ் பிடிக்கிறாங்களா? அதுக்கான படிவத்துல டிசிஎஸ் விவரத்தை எழுதி ஹெச்.ஆர்.கிட்ட கொடுங்க. மீதி மாசங்கள்ல டிடிஎஸ்ஸை அந்த அளவுக்குக் குறைப்பாங்க. இந்த வசதி 2024 அக்டோபர்ல வந்தது.

2. டிடிஎஸ்ஸே இல்லையா? ஐடிஆர் போட்டு ரீஃபண்ட் வாங்கணும், வேற வழி இல்லை. புதிய முறையில 12 லட்சம் வரை வரி இல்லைன்னதும் "நமக்கு எதுக்கு ஐடிஆர்"னு விட்டுடறாங்க. அங்கேதான் அந்தப் பணம் போயிடுது. டூர் கம்பெனிகிட்ட உங்க சரியான பான் நம்பரைக் கொடுத்து, உங்க வரிக் கணக்குல தொகை ஏறியிருக்கான்னு பார்த்துட்டு ஃபைல் பண்ணுங்க.

இன்னொன்னு. உங்களுக்கோ வேற யாருக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணினா, வருமானம் எவ்வளவு குறைவா இருந்தாலும் ஐடிஆர் கட்டாயம். அப்பா, அம்மாவை நீங்க அனுப்பி வெச்சாலும் அது உங்க கணக்குதான்.

கார்டு

சாதாரண கிரெடிட் கார்டுல மார்க்கப் 3.5% வரை இருக்கும், அதுமேல 18% ஜிஎஸ்டி. 1 லட்சம் தேய்ச்சா 4,130 ரூபாய் காலி. மார்க்கப் குறைவான கார்டு எடுத்துட்டுப் போங்க. கடையில மெஷின் "ரூபாயா, யூரோவா"ன்னு கேட்டா யூரோவையே அழுத்துங்க. ரூபாயை அழுத்தினா அவங்க வெச்ச ரேட்.

கடன் வாங்கிப் போகலாமா?

2.5 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம்னா மாசம் சுமார் 8,540 ரூபாய் இஎம்ஐ. வட்டி மட்டும் 57,000 ரூபாய்க்கு மேல. அதே ஆள் மாசம் 14,000 ரூபாய் ஆர்டி போட்டா 18 மாசத்துல 2,52,000 அசலே சேர்ந்துடும். விசாவுக்குக் காட்டவும் அந்த ஸ்டேட்மென்ட் உதவும்.

இந்த மாசமே ஆர்டியை ஆரம்பிங்க. போயிட்டு வந்ததும் ஐடிஆரை மறக்காதீங்க.