பவளத்திற்கு ஆசை வேண்டாம், அலங்கார மீன் போதும்

கண்ணாடித் தொட்டியில் கடல் நீர் நிரப்பி, வண்ண மீன்களுடன் உயிருள்ள பவளத்தையும் வளர்க்கும் பழக்கம் வெளிநாடுகளில் பெரிய வியாபாரமாகிவிட்டது. நம் நகரங்களிலும் இதில் ஆர்வம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். கடைமடைப் பகுதியான காரைக்காலில் ஒரு போகம் பொய்த்தால் உபதொழில் தேடுவது இயல்பு. அந்த வேளையில், "பவளம் வாங்கித் தந்தால் நல்ல விலை" என்று எவரேனும் அணுகினால் என்ன செய்வது? விவரம் அறிந்துகொள்வது நல்லது.

பவளம் என்பது எது?

இது நவரத்தினத்தில் சேரும் செம்பவளம் அன்று. அந்தச் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. தொட்டியில் வளர்க்கப்படும் பவளம், சிறு பூச்சி போன்ற உயிரினங்கள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து கட்டும் கூடு. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கிறது. ஆகவே தெளிந்த நீரும் வெளிச்சமும் இன்றிப் பவளம் வாழாது. அரசலாறு போன்ற ஆறுகள் வண்டலையும் நன்னீரையும் கொண்டுவந்து சேர்க்கும் காரைக்கால் கரையில் பவளப் பார்கள் இல்லை. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பகுதியிலும்தான் அவை உண்டு. உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் வளரும்.

விலை ஏறுவதும் இறங்குவதும்

பவளத்தைப் பெருக்கும் முறை கரும்புக் கரணை நடுவதைப் போன்றது. தாய்ப் பவளத்திலிருந்து விரல் நுனி அளவு துண்டை வெட்டிச் சிறு வில்லையில் ஒட்டி வளர்க்கிறார்கள். கரணையில் பருவை எண்ணுவது போல, சில வகைகளைக் "கண்" எண்ணி விற்பதும் உண்டு. அரிய நிறம் தோன்றினால் அதற்கு ஒரு பெயர் சூட்டி, ஒரு துண்டை நூற்றுக்கணக்கான டாலருக்கும் விற்கிறார்கள். ஆனால் வாங்கியவர்களும் வெட்டிப் பெருக்குவதால், சில ஆண்டுகளில் அதே வகை மலிந்துவிடுகிறது. புதிய ரக விதைக்கு முதல் ஆண்டில் கிடைக்கும் விலை பின்னர் கிடைக்காததை விவசாயிகள் அறிவார்கள். இங்கும் அதே கதைதான்.

கல் பவளங்கள் அனைத்தும் பன்னாட்டு வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு செல்ல முடியாது. ஏற்றுமதியில் முன்னணியில் இருந்த இந்தோனேசியா 2018இல் ஏற்றுமதியையே நிறுத்தி, பின்னர்தான் மீண்டும் அனுமதித்தது. எனவே கடலில் எடுத்ததைவிடத் தொட்டியில் பெருக்கியதற்கே வரவேற்பு கூடிவருகிறது.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் நிலைமை வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், 2001இல் கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் இதில் அடங்கும். புலிக்கு உள்ள பாதுகாப்பே இவற்றுக்கும். எடுப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். கரையில் ஒதுங்கிய செத்த பவளக் கல்லுக்கும் விலக்கு இல்லை. கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன.

தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் ரூ.25,000க்குக் குறையாது. சரக்கு ஏற்றிய வாகனமும் பறிமுதலாகும். இச்சட்டம் தமிழ்நாட்டிற்கும் புதுச்சேரிக்கும் ஒன்றே. எல்லை தாண்டினால் தப்பலாம் என்பது வீண் எண்ணம். "வெளிநாட்டுச் சரக்கு" என்று வியாபாரி வாயால் சொல்வதை நம்பி வாங்கி வைப்பதும் ஆபத்து.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு பவளம் வெட்டப்பட்டது. அலையைத் தடுத்த பார் குறைந்ததால் கரை அரித்து, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் கடலில் மூழ்கின. பார்கள் மீன் குஞ்சுகளின் நாற்றங்கால். பார் போனால் மீனவர் வலையும் காலியாகும். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டுப் பார்களை மீட்டு வருகிறது. அது கடலுக்காகச் செய்யும் நடவு, விற்பனைக்கு அல்ல.

விவசாயி செய்யத்தக்கது

கடல் மீனிலேயே ஆர்வம் உள்ளவர்கள் கோமாளி மீனைப் பற்றி அறியலாம். இதைத் தொட்டியில் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியுள்ளது. ஆனால் கடல் நீரும், இடைவிடாத மின்சாரமும், நுண்ணுயிர்த் தீவனமும் தேவை. பயிற்சி பெறாமல் இறங்கக் கூடாது.

சிறு விவசாயிக்கு ஏற்றவை கப்பி, மோலி, பொன்மீன் முதலியவை. மோலி சற்று உவர்ப்பான நீரையும் தாங்குவதால் கடைமடைக் கிணற்று நீருக்கு ஏற்றது. தொடங்குவோர் கவனிக்க வேண்டியவை:

1. நிழலான இடத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, புதுச் சிமெண்டின் காரம் நீங்கப் பலமுறை நீர் மாற்றிய பிறகே மீன் விட வேண்டும். மேலே வலை அவசியம்.

2. கப்பியும் மோலியும் குட்டி போடுபவை. தாய் மீன் குட்டியைத் தின்னும். பாசியோ செடியோ போட்டு மறைவிடம் தர வேண்டும்.

3. அழகுக்குப் பவளக் கல் வேண்டாம். சிமெண்டு அல்லது பிசினில் செய்த போலிப் பவளம் போதும்.

4. மிஞ்சிய மீனை வாய்க்காலிலோ குளத்திலோ விடக் கூடாது. நாட்டு மீனுக்கு அது கேடு.

5. வாங்குவோரை முன்கூட்டியே பேசி வைத்த பிறகு தொட்டி கட்டவும். சென்னை கொளத்தூர் இதற்குப் பெயர் பெற்ற சந்தை.

2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில், கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பு அலகுக்கு ரூ.3 இலட்சம் மதிப்பிடப்பட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. நடப்பு ஆண்டு நிலவரத்தைக் காரைக்கால் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின் பணம் போடுவதே விவேகம். பவளம் கேட்டு வருபவரைப் பற்றி வனத்துறைக்குத் தெரிவித்தால், கடலையும் குடும்பத்தையும் காத்தவர் ஆவீர்கள்.