அரிசி மூட்டையில் ஒரு பூத்தையல்

அரிசி மூட்டை பிரிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வாய்த்தையலின் ஒரு முனையில் நூலை வெட்டி இழுத்தால், சரசரவென்று மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். மறுமுனையைப் பிடித்து என்னதான் இழுத்தாலும் வராது, இன்னும் இறுகும். அந்த மூட்டைத் தையலும், பட்டு ரவிக்கையில் கொடியும் பூவுமாக ஓடும் ஆரி வேலையும் ஒரே வகைதான். இரண்டும் சங்கிலித் தையல்!

வாருங்கள், போட்டுப் பார்ப்போம். பருத்தித் துணியை எம்பிராய்டரி வளையத்தில் விறைப்பாக மாட்டுங்கள். நூல் நுனியில் முடிச்சுப் போட்டு, ஊசியை அடியிலிருந்து மேலே எடுங்கள். நூலை வளைத்து, இடது கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளுங்கள். நூல் வந்த அதே துளையில் ஊசியை இறக்கி, அரை சென்டிமீட்டர் தள்ளி மேலே எடுங்கள். ஊசிமுனை அந்த வளைவுக்குள் வர வேண்டும். மெதுவாக இழுங்கள், முதல் கண்ணி தயார். அடுத்த கண்ணிக்கு, இந்தக் கண்ணிக்குள்ளேயே ஊசியை இறக்க வேண்டும். வேகமாகச் சுண்டி இழுத்தால் கண்ணி ஒடுங்கி வெறும் கோடாகிவிடும். சற்றே உப்பி இருந்தால்தான் அழகு.

ஏழெட்டுக் கண்ணி போட்டதும் துணியைத் திருப்புங்கள். முன்பக்கம் சங்கிலி, பின்பக்கம் நேர்க்கோடு. நடுவில் எங்கும் முடிச்சே இல்லை! ஒவ்வொரு கண்ணியையும் அதற்கு அடுத்த கண்ணிதான் பிடித்துவைத்திருக்கிறது. கடைசிக் கண்ணியைப் பிடிக்க மட்டும் ஆள் இல்லை. நூல் கடைசியாக மேலே வந்த அதே துளையில் ஊசியை இறக்கி, அடியிலிருந்து இழுத்துப் பாருங்கள். கடைசிக் கண்ணி நழுவும். அது போனதும் முந்தையது விடுபடும். அப்படியே வரிசையாக எல்லாம் அவிழும். தொடக்க முனையை இழுத்தாலோ, முதல் கண்ணி இரண்டாவதின் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். மூட்டையின் ரகசியம் இதுதான்.

ஆரிக் கலைஞர்கள் இதையே கொக்கி ஊசியால் மின்னல் வேகத்தில் போடுகிறார்கள். ஒரு கை துணிக்கு அடியில் நூலைக் கொடுக்க, மேலே கொக்கி அதைக் கவ்வி இழுக்கிறது. ஊசியை லேசாகத் திருப்பியபடி எடுப்பதைக் கவனியுங்கள். இல்லாவிட்டால் கொக்கி துணி இழையில் மாட்டிக்கொள்ளும்.

பிரான்ஸ் நாட்டுத் தையற்காரர் பார்த்தலெமி திமோனியே 1830-ல் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரமும் இப்படிக் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல்தான் போட்டது. பிறகு 1846-ல் அமெரிக்கர் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் இரண்டு நூல்கள். மேல்நூலும் அடிநூலும் துணிக்குள் பின்னிக்கொள்வதால், ஓரிடத்தில் அறுந்தாலும் தையல் மொத்தமாக உருவிக்கொள்ளாது. இன்று வீட்டுத் தையல் மெஷினில் பாபின் இருப்பது இதற்காகத்தான்.

ஆகவே, உங்கள் கைக்குட்டையில் பூ முடிந்ததும், கடைசிக் கண்ணிக்கு வெளியே, அதை ஒட்டியே ஊசியை இறக்கி ஒரு குட்டித் தையல் போட்டுவிடுங்கள். பின்பக்கம் ஒரு முடிச்சும் போடுங்கள். அப்புறம் தைரியமாகத் துவைக்கலாம்.