2147483647: ஒரு முதன்மை எண்ணின் கதை

31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது 2147483647. இது ஒரு முதன்மை எண். "இவ்வளவு பெரிசை எப்படி சேர் சோதிச்சாங்க?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கணினி இல்லாத 1772 இல் ஒய்லர் ஒரு வழி கண்டார். இதற்கு முதன்மைக் காரணி இருந்தால், அதை 248 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரவேண்டும். அப்படியானவற்றை 46,340 வரை பார்த்தால் போதும். ஒன்றும் சரிவரவில்லை.

6 இன் காரணிகளில் 6 ஐ விட்டு 1, 2, 3 ஐக் கூட்டினால் மறுபடி 6. இது நிறைவெண். நம்முடைய எண்ணை 2 இன் 30 ஆம் அடுக்கால் பெருக்கினாலும் நிறைவெண்தான். இரட்டை நிறைவெண் எதுவும் இத்தகைய முதன்மை எண்ணிலிருந்தே பிறக்கும் என்று நிறுவ முதலில் முயன்றவர் இப்னுல் ஹைதம். ஏறக்குறைய 700 ஆண்டுகள் கழித்து நிறுவி முடித்தவர் அதே ஒய்லர். முடித்தவரைச் சொல்லும்போது தொடங்கியவரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.